க்ருஷேவோவில் ஓர் எழுத்துப் பிழை

"காகோ எ?" என்று கேட்டாள். "ஊபவோ எ" என்று பதில் சொன்னேன். நடந்தது அவ்வளவுதான். வருஷங்கள் ஓடிவிட்டன. அந்தப் பதிலை இன்னமும் மனசுக்குள் அடித்து அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

மாசிடோனிய மொழியில் 'காகோ' என்றால் எப்படி. 'எ' என்றால் இருக்கிறது. இருக்கிறான் என்றும் பொருள், இருக்கிறாள் என்றும் பொருள். அந்த ஓரெழுத்து வினைக்குப் பால் கிடையாது. எழுவாயையும் பெரும்பாலும் விழுங்கிவிடுவார்கள். யாரைப் பற்றி, எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பது கேட்பவருக்கும் தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் ஓடுகிற பேச்சு அது. நாம் தமிழில் வாயைத் திறந்தால் வாக்கியம் முடிவதற்குள் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும்: மனிதரா பொருளா, ஆணா பெண்ணா, 'ர்' போடுவதா 'ன்' போடுவதா. அந்தப் பழக்கத்தோடு போய்ச் சேர்ந்த எனக்கு மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேவில் கழித்த ஒன்றரை வருஷமும் பக்கத்து வீட்டுப் பேச்சைச் சுவர் வழியாகக் கேட்பது போலத்தான் இருந்தது. சொற்கள் விளங்கும். யாரைப் பற்றி என்பது மட்டும் நழுவிவிடும்.

மென்பொருள் வேலை. பக்கத்து மேசைக்காரிதான் எனக்கு மொழி வாத்தியார். பாடமெல்லாம் எடுக்கவில்லை. நான் பேசுவேன், தப்பு வரும் இடத்தில் அந்த ஒரு சொல்லை மட்டும் சரியான ஈற்றோடு அவள் திருப்பிச் சொல்வாள். சிவப்பு மையில் ஒரு சுழி மாதிரி. அந்த மொழியில் பெயர்ச்சொல் ஒவ்வொன்றுக்கும் பால் உண்டு. நாற்காலி ஆண், மேசை பெண், கடல் இரண்டுமில்லாத அஃறிணை. அடைமொழி அதற்கேற்ப வாலை மாற்றிக்கொள்ள வேண்டும். 'அழகான' என்பது ஆணுக்கு 'ஊபவ்', பெண்ணுக்கு 'ஊபவ', அஃறிணைக்கு 'ஊபவோ'. நான் கண்டுபிடித்த குறுக்குவழி எல்லாவற்றுக்கும் 'ஓ' போட்டுவிடுவது. சாப்பாடு ஊபவோ, மழை ஊபவோ, மேலதிகாரியின் புதுக் கார் ஊபவோ. அவள் சலிக்காமல் திருத்துவாள். நான் சலிக்காமல் மறப்பேன்.

அரங்கத்தின் பெயர்

தோஷே ப்ரோஎஸ்கி என்ற பெயரை நான் முதலில் பார்த்தது ஸ்கோப்யேவின் கால்பந்து அரங்கத்தில். நாட்டின் தேசிய அணி ஆடும் இடம். யாரோ பழைய கோல் வீரர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எத்தனை கோல் போட்டிருக்கிறார் என்று மறுநாள் அலுவலகத்தில் கேட்டேன். அறையில் இருந்த நாலைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். கோபமில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளி சுவரில் மாட்டியிருக்கும் படத்தைக் காட்டி இது யார் என்று கேட்டால், பதில் சொல்வதற்குமுன் ஒரு கணம் மூச்சு நிற்குமே, அப்படி.

அந்த அரங்கத்துக்கு முன்பிருந்த பெயர் இரண்டாம் பிலிப்பு. அலெக்சாந்தரின் அப்பா. 1991இல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்த இந்தச் சின்ன நாடு, தன் பெயருக்காகவே கிரேக்கத்தோடு கால் நூற்றாண்டுக்கும் மேல் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. 1995இல் கொடியை மாற்றிக்கொண்டார்கள். 2019இல் நாட்டின் பெயரையே வட மாசிடோனியா என்று மாற்றிக்கொண்டார்கள். மொழியும் தனி மொழியல்ல, எங்கள் மொழியின் கிளைதான் என்று கிழக்கே பல்கேரியா சொல்கிறது. தேவாலயத்தின் தனித்த நிலையைச் செர்பியத் திருச்சபை ஏற்றுக்கொள்ள 2022 வரை ஆனது. எதை எடுத்து 'இது எங்களுடையது' என்று சொன்னாலும் அக்கம்பக்கத்தில் யாராவது ஒருவர் கையைத் தூக்கினார்கள். பெயர்ச் சண்டை ஓய்ந்த அதே 2019இல் அரங்கத்திலிருந்து பிலிப்பு மன்னர் இறங்கினார், 26 வயதில் செத்துப்போன ஒரு பாடகர் ஏறினார். இதற்கு மட்டும் எந்த நாடும் கையைத் தூக்கவில்லை. தூக்கியிருக்கவும் முடியாது. சாக்ரெப், பெல்கிரேடு, சரயேவோ என்று, அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்னால் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த ஊர்கள் எல்லாமே அவர் செத்த அன்று அழுதிருந்தன.

இந்த இடத்தில் ஒரு தகராறைச் சொல்லிவிடுகிறேன். மேலே 'ஏறினார்' என்று எழுதிவிட்டேன். இந்தப் பதிவின் முதல் வரைவு முழுக்க 'அவர்' என்றுதான் இருந்தது. படித்துப் பார்த்தால் செய்தித்தாள் இரங்கல் குறிப்பு மாதிரி இருக்கிறது. 'அவன்' என்று மாற்றிப் பார்த்தேன். ஊரான் வீட்டுப் பிள்ளையை நான் எந்த உரிமையில் அவன் என்பது? தோஷே பிறந்தது 1981 ஜனவரி 25. நான் அதே வருஷம் மே மாதம். ஒரே வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது. தமிழில் சாமிக்கும் அவன், பிள்ளைக்கும் அவன், கூடப் படித்தவனுக்கும் அவன். நடுவில் இருக்கும் எல்லாருக்கும் அவர். மாசிடோனியர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. முழுப்பெயர் தோதோர். ஆனால் அமைச்சர் முதல் காய்கறிக்காரர் வரை எல்லாருக்கும் தோஷே. நாட்டுக்கே ஒரு வீட்டுப் பெயர்.

பக்கத்து மேசைத் தோழி ஆங்கிலத்தில்தான் எனக்கு அவரைப் பற்றிச் சொன்னாள். அவள் சொன்ன 'ஹீ' ஒவ்வொன்றும் என் காதில் 'அவன்' என்றுதான் விழுந்தது.

அவள் சொன்னதில் ஐரோப்பிய நாடுகளின் பாட்டுப் போட்டியான யூரோவிஷன் உண்டு. 2004இல் இஸ்தான்புல்லில் 'லைஃப்' என்ற பாட்டைப் பாடி 14ஆம் இடம். "பதினாலு எங்களுக்குப் பெரிய எண்" என்றாள். அதே வருஷம் யூனிசெஃப் நல்லெண்ணத் தூதராக ஆனதும் உண்டு. ஆனால் அவளுடைய கதை உண்மையில் தொடங்கியது 2007 அக்டோபர் 5, வெள்ளிக்கிழமை. இதே அரங்கத்தில் கச்சேரி, பள்ளிக்கூடங்களுக்கு நிதி திரட்ட. அவளுக்கு வயது பதினாறு. அக்காவோடு போயிருந்தாள். தொண்டை கட்டிப்போய் இரண்டு நாள் பேச்சே வரவில்லையாம். பதினோரு நாள் கழித்து, 16ஆம் தேதி செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், க்ரோவேஷியாவில் நோவா க்ராதிஷ்கா என்ற ஊருக்குப் பக்கத்து நெடுஞ்சாலையில், தோஷே இருந்த வண்டி ஒரு லாரியின் பின்புறம் மோதியது. ஓட்டியது வேறொருவர். கூட வந்த இருவரும் பிழைத்தார்கள். "எங்க பள்ளிக்கூடத்துல முதல் பாடம் வேதியியல். டீச்சர் உள்ளே வந்து பலகையில தேதி எழுதினாங்க. அதுக்கப்புறம் எதுவும் எழுதல. அந்தத் தேதியைப் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தோம்." மறுநாள், அவர் வளர்ந்த மலையூரான க்ருஷேவோவில் அரசு மரியாதையோடு அடக்கம். பள்ளிக்கூடத் தொலைக்காட்சியில் பார்த்ததாகச் சொன்னாள்.

க்ருஷேவோவில் அவருக்கு நினைவு இல்லம் இருக்கிறதாமே, நீ பார்த்திருப்பாயே என்றேன். கல்லறைக்கு வருஷம் தவறாமல் போவதாகச் சொன்னாள். "அந்த வீட்டுக்குள்ள மட்டும் போனதில்ல." ஏன் என்றேன். "எனக்கு மெழுகு பிடிக்காது."

வெள்ளைப் பலாப்பழம்

செப்டம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை அவளுடைய காரிலேயே போனோம். ஸ்கோப்யேவிலிருந்து நூற்றறுபது கிலோமீட்டர் சொச்சம். அந்த மாதத்தில் மாசிடோனியாவில் எந்தச் சாலையில் போனாலும் மிளகாய் சுடும் வாசனைதான். நம் காந்தல் மிளகாய் இல்லை, இனிப்பான பெரிய சிவப்பு மிளகாய். முற்றத்தில் தகர அடுப்பை மூட்டி மூட்டை மூட்டையாகச் சுட்டு, தோலுரித்து, மணிக்கணக்காகக் கிண்டி ஐவார் என்ற ஒரு விழுதைப் போத்தலில் அடைக்கிறார்கள். குளிர்காலம் முழுக்க ரொட்டிக்கு அதுதான். ப்ரிலேப் நெருங்கும்போது மிளகாய் வாசனையில் புகையிலை கலந்தது. பச்சையும் மஞ்சளுமாகச் சரம் கோத்துப் பந்தலுக்கடியில் தொங்கவிட்டிருந்தார்கள். தோஷே பிறந்தது ப்ரிலேப்பில்தான், வளர்ந்தது மட்டும் க்ருஷேவோ என்றாள். வளர்ந்த ஊருக்குத்தான் ஆளைச் சேர்த்தி என்பது அங்கேயும் வழக்கம் போலும்.

சமவெளி முடிந்து மலை ஏறத் தொடங்கினோம். க்ருஷேவோ 1,300 மீட்டருக்கும் மேல். பால்கனிலேயே உயரத்தில் இருக்கும் நகரம் தாங்கள்தான் என்று ஊர்க்காரர்கள் பெருமை பேசுகிறார்கள். செங்குத்தான கல் பாவிய தெருக்கள், நீலமும் வெள்ளையும் அடித்த பழைய வணிகர் வீடுகள், மேலே பாராகிளைடரில் மிதக்கும் வெளிநாட்டுக்காரர்கள். ஊரில் மாசிடோனியர்களோடு விளாக்குகளும் உண்டு. ஆருமானியர் என்றும் சொல்வார்கள். ருமேனிய மொழிக்கு உறவான ஒரு சின்ன மொழி பேசும் ஆட்டிடையர், வணிகர் மரபினர். தோஷேயின் குடும்பமும் விளாக்குதான். அந்த மொழிக்கு இந்த நகராட்சியில் ஆட்சிமொழித் தகுதி இருக்கிறது. ஆக, யாரும் தட்டிப்பறிக்க முடியாத 'எங்களுடையவன்' என்று மாசிடோனியர்கள் எவனைச் சொன்னார்களோ, அவனுடைய மூதாதையர் வீட்டில் பேசியது இன்னொரு மொழி. இதை நான் சொன்னபோது தோழி தோளைக் குலுக்கினாள். "அதனால என்ன? எல்லாத்தையும் சேர்த்துத்தான் எங்களுடையவன்."

ஊருக்கு மேலே குன்றில் மகெதோனியம் நிற்கிறது. 1903 ஆகஸ்டில் ஆட்டோமான் ஆட்சிக்கு எதிராக இலிந்தென் எழுச்சி நடந்தபோது இந்த ஊரில் ஒரு குடியரசை அறிவித்தார்கள். நிக்கோலா கரேவ் என்ற பள்ளி ஆசிரியர் தலைவர். பத்து நாள் நின்றது. பிறகு ஆட்டோமான் படை வந்து ஊரைக் கொளுத்திவிட்டது. அந்தப் பத்து நாளுக்காக 1974இல் திறந்த நினைவுச்சின்னம் இது. படங்களில் விண்வெளிக் கப்பல் மாதிரி தெரியும். நேரில் பார்த்தபோது எனக்கு வெள்ளையடித்த ஒரு மாபெரும் பலாப்பழம்தான் தோன்றியது. உருண்டை முழுக்க முள்ளுக்குப் பதில் புடைத்து நிற்கும் ஜன்னல்கள். உள்ளே கரேவின் சமாதியும் வண்ணக் கண்ணாடியும். அந்தப் பலாப்பழத்திலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் தோஷேயின் கல்லறை, அதற்கருகே நினைவு இல்லம். பத்து நாள் வாழ்ந்த குடியரசும் இருபத்தாறு வருஷம் வாழ்ந்த பையனும் ஒரே குன்றில். இந்த ஏற்பாட்டைச் செய்தவர்கள் கணக்குப் பார்த்துச் செய்தார்களா, இடம் காலியாக இருந்ததால் செய்தார்களா என்று எனக்கு ஒரு குசும்பான சந்தேகம். எப்படியானாலும் பொருத்தம் அமைந்துவிட்டது. இந்த ஊர் கொஞ்ச காலமே இருந்துவிட்டுப் போனவற்றின்மேல் தீராத பிரியம் வைத்திருக்கிறது.

கல்லறையில் பூக்கள், மெழுகுவர்த்திகள், கடிதங்கள், ஒரு கரடி பொம்மை. மழையில் நனைந்து காய்ந்த கடிதம் ஒன்றின் மை பூவின்மேல் நீலமாக இறங்கியிருந்தது. தோழி பையிலிருந்து ஒல்லியான மஞ்சள் மெழுகுத்திரிகள் இரண்டை எடுத்து ஏற்றினாள். (மெழுகு பிடிக்காதவள். அதை நான் சொல்லிக்காட்டவில்லை.) காய்ந்த இலைகளைக் கையாலேயே கூட்டி ஒதுக்கினாள். ரொம்ப நேரம் எதுவும் பேசவில்லை. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டே, யாரிடமோ கணக்குச் சொல்வது போல, "எனக்கு முப்பத்தொண்ணு ஆகுது" என்றாள். ஆங்கிலத்தில் சொல்லவில்லை. அதனால் என்னிடம் சொன்னதாகவும் தோன்றவில்லை.

கண்ணாடிக்குள்

"நீ போய்ட்டு வா. நான் கார்ல இருக்கேன், இங்கே நிறுத்த இடம் கிடைக்காது." வாகனம் நிறுத்துமிடத்தில் எங்கள் காரைத் தவிர இரண்டு கார் இருந்தது.

நினைவு இல்லம் 2011 ஏப்ரல் 25 அன்று திறக்கப்பட்டது. மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம் என்கிறார்கள். தரையில் நிற்பவனுக்கு வெள்ளைச் சுவர், கண்ணாடி, நிறைய வெளிச்சம். நினைவு இல்லங்கள்மேல் எனக்குப் பொதுவாகவே நல்லெண்ணம் கிடையாது. பெரும்பாலும் ஒரு நாற்காலி, ஒரு மூக்குக்கண்ணாடி, ஒரு கைத்தடி, தூசி, தூங்கும் காவலர். இறந்தவர் கடைசியாகப் பயன்படுத்தியவை. அந்தப் பொருள்களே ஆள் முதுமை எய்தி முறைப்படி விடைபெற்றார் என்று நமக்கு ஆறுதல் சொல்லிவிடும். உள்ளே போன கொஞ்ச நேரத்தில் எனக்கு ஏதோ இடித்தது. இங்கே மூக்குக்கண்ணாடி இல்லை. கைத்தடி இல்லை. சிறுவயதுப் படங்கள், மேடை உடைகள், காலணிகள், விருதுகள், சான்றிதழ்கள். இது கிழவர் விட்டுப்போன சாமான் இல்லை. விடுதியிலிருந்து பையன் வரும்வரை அம்மா அப்படியே வைத்திருக்கும் அறை. 2000களின் தொடக்கத்தில் நாங்கள் எல்லாரும் போட்டுக்கொண்டு திரிந்த மாதிரி ஒரு சட்டை. என்னிடமும் கிட்டத்தட்ட அதே வெட்டில் ஒன்று இருந்தது. அது எங்கே போயிற்று? கல்யாணத்துக்குப் பிறகு ஸ்கூட்டர் துடைத்த ஞாபகம். உயிரோடிருப்பவன் சட்டைக்கு அதுதானே கதி. இந்தச் சட்டை மட்டும் துணியாகக் கிழியாமல் கண்ணாடிக்குள் நிற்கிறது. யாரோ ஒருவர் அலமாரியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, மடித்துக் கொடுத்திருக்க வேண்டும். அந்த வேலையைச் செய்த கைகளை நினைத்ததும் விருதுகள் இருந்த பக்கம் பார்க்கவே மனசு போகவில்லை.

பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. வந்தவர்கள் கிசுகிசுவென்றுதான் பேசினார்கள். கூடம் நிறைய ஒருவன் உரக்கப் பாடும்போது கேட்பவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்வது விநோதமான காட்சி. அங்கிருந்த தோஷேயின் மெழுகுச் சிலைக்கு முன்னால் ஒரு பெரியவர் வந்து நின்றார். கிராமத்துக்காரர், ப்ரிலேப் பக்கம் புகையிலை வைத்திருப்பவராகக்கூட இருக்கலாம். தன்னையறியாமல் தொப்பியைக் கழற்றினார். பிறகு சுற்றிலும் பார்த்தார். மெழுகுதானே என்று தோன்றியிருக்க வேண்டும், கூச்சத்தோடு திரும்பப் போட்டுக்கொண்டார். இரண்டடி நடந்தார். என்ன நினைத்தாரோ, மறுபடி கழற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார். அந்தத் தொப்பி ஏறி இறங்கிய அரை நிமிஷத்தில் என் 'அவர், அவன்' தகராறு அத்தனையும் இருந்தது என்று இப்போது எழுதும்போது தோன்றுகிறது. அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஒரு பழைய பாட்டு வந்தது. அது அவருடையது இல்லை. அந்த நாட்டில் அவருக்கு வெகு முன்பே எல்லாரும் பாடிய பாட்டு, அவர் குரலில் இன்னொரு முறை பரவியது. அஸ்தமிக்கும் சூரியனிடம் பேசத் தொடங்கி, கடைசியில் காட்டைச் சகோதரி என்று அழைக்கும். உன் இலைகள் உனக்குத் திரும்பி வரும், என் இளமை எனக்குத் திரும்பாது என்று போகும். கிழவர்கள் பாட வேண்டிய பாட்டு. இருபத்தைந்து வயதுப் பையன் வாயில் அது வெறும் வித்தையாகத்தான் இருந்திருக்கும், கேட்டவர்களும் என்ன குரல் என்று வியந்திருப்பார்கள். பிறகு அந்த நெடுஞ்சாலை வந்து பாட்டின் அர்த்தத்தையே மாற்றிவிட்டது. முறையாகக் குரல்பயிற்சி எடுத்தவர், உச்சத்துக்குப் போகும்போது தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவதில்லை, படியேறுவது போல ஏறுகிறார். ஆனால் நல்ல குரல்கள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. அதற்காக மட்டும் யாரும் ஒரு நாட்டை நிறுத்தி அழுவதில்லை.

வெளியே வந்தேன். தோழி காரில் இல்லை. காருக்கு வெளியே, கதவில் சாய்ந்து, நினைவு இல்லத்துக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தாள். என் காலடி கேட்டதும் திரும்பாமலே கேட்டாள்.

"காகோ எ?"

நான் அந்த வெளிச்சத்தை, பராமரிப்பை, சுத்தமான கண்ணாடிப் பேழைகளை நினைத்துக்கொண்டு, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்த மாணவனைப் போல உற்சாகமாகச் சொன்னேன்: "ஊபவோ எ! நல்ல மியூசியம்."

அவள் இப்போது திரும்பினாள். "ஊபவ்" என்றாள்.

சிவப்பு மைச் சுழி. நானும் வழக்கம்போல "ஆமா ஆமா, ஊபவ்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினேன்.

'ஓ'

இறங்கும்போது கடைத்தெருவில் வண்டியை நிறுத்தி லோக்கும் வாங்கினோம். மாவுச்சர்க்கரையில் புரட்டின, பல்லில் ஒட்டும் சதுரமான மிட்டாய். க்ருஷேவோ லோக்குமுக்கு நாடு முழுக்கப் பேர். அவள் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கினாள், அக்காவுக்கு. ப்ரிலேப் வரை பேச்சு மிட்டாயைப் பற்றியும் வேலையைப் பற்றியும் ஓடியது. சமவெளி இருட்டத் தொடங்கியது. வானொலியில் ஏதோ பேச்சு நிகழ்ச்சி. அப்போதுதான் எனக்கு மெல்ல உறைத்தது.

ஓர் இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறவனிடம் எப்படி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. எப்படி இருந்தது என்றுதான் கேட்போம். மாசிடோனியர்களும் அப்படித்தான். "காகோ பெஷே?" திங்கட்கிழமை காலையில் வார இறுதியைப் பற்றி, சினிமாவைப் பற்றி, பல் மருத்துவரைப் பற்றி இதே தோழி என்னிடம் நூறு தடவை கேட்டிருக்கிறாள், எப்போதும் பெஷேதான். 'எ' என்று நிகழ்காலத்தில் கேட்பது ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்தவனிடம். ஊருக்குப் போய்விட்டு வந்தவனிடம், வீட்டில் அப்பாவைப் பற்றி.

அவள் இடத்தைப் பற்றிக் கேட்கவேயில்லை.

அப்படியென்றால் அந்தத் திருத்தம்? இங்கேதான் இலக்கணம் என்னைக் கைவிட்டது. மியூசியம் என்ற சொல் அவர்கள் மொழியில் ஆண்பால். நான் மியூசியம் என்று சொன்னதால், அதற்குச் சரியான அடைமொழி 'ஊபவ்'தான். வாத்தியார் வழக்கம்போல வாலைத் திருத்தினாள், அவ்வளவே என்று சொல்லலாம். ஆனால் அவள் அந்த இடத்தை ஒருபோதும் மியூசியம் என்று சொன்னதில்லை. எப்போதும் 'குக்யா', வீடு. அதிகாரப்பூர்வப் பெயரிலும் வீடு என்றுதான் இருக்கிறது. வீடு பெண்பால். வீட்டை மனதில் வைத்திருந்தால் 'ஊபவ' என்று திருத்தியிருப்பாள். 'ஊபவ்' என்றால் ஆண். அழகாக இருக்கிறான். நான் ஒரு கட்டடத்துக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கையில், அவளே தன் கேள்விக்குப் பதிலும் சொல்லிக்கொண்டாளா? அல்லது 'அவன்' என்று சொல்லு, 'அது' என்று சொல்லாதே என்று என்னைத் திருத்தினாளா? அல்லது மியூசியம் ஆண்பால், மறக்காதே, அவ்வளவுதானா?

கேட்டிருக்கலாம். ஸ்கோப்யே வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கில் அவள் விரல்களில் மாவுச்சர்க்கரை ஒட்டியிருந்தது. என்ன என்று கேட்பது? அங்கே நீ விசாரித்தது கட்டடத்தையா ஆளையா என்றா? ஆளை என்றால், பதினோரு வருஷமாகக் கதவுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டு, இன்னொருவனை உள்ளே அனுப்பி விசாரித்ததை நான் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்வதாகும். அவள் உள்ளே போகாததற்குக் காரணம் மெழுகு இல்லை என்று கல்லறையிலேயே தெரிந்துவிட்டது. பதினாறு வயதில் அவளுக்கு அவன் அண்ணன் வயசு. இருபத்தேழு ஆனபோது தாண்டிவிட்டாள். உள்ளே போனால் தன்னைவிட ஐந்து வயது சின்னவன் ஒருவன் நின்றுகொண்டிருப்பான். இன்னும் பத்து வருஷம் போனால் அவன் இன்னும் சின்னவன். வெளியே, கல்லறையில், தேதியைத் தவிர வயதைக் காட்டும் எதுவும் இல்லை. அங்கே அவன் இன்னமும் அண்ணனாக இருக்கலாம்.

இது என் ஊகம். சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள். அல்லது தோளைக் குலுக்கியிருப்பாள்.

அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. "நல்லா இருக்கான்" என்று சொல்லியிருக்கலாமா? பொய்யாக இருந்திருக்குமா? உள்ளே அவன் நன்றாகத்தான் இருந்தான். தலை நரைக்கவில்லை, குரல் கம்மவில்லை, சட்டை கசங்கவில்லை. கூடம் நிறையப் பாடிக்கொண்டிருந்தான். கிராமத்துப் பெரியவர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். விசாரித்தவளுக்கு ஒரு விவரம், ஒரே ஒரு விவரம் கொண்டுவந்து கொடுத்திருக்கலாம். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறவர்கள் அதைத்தானே செய்கிறார்கள். கஞ்சி குடிச்சார், உன்னைக் கேட்டார், கையை ஆட்டினார் என்று. நான் கட்டடம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வருஷம் என் ஒப்பந்தம் முடிந்து ஸ்கோப்யேவை விட்டுக் கிளம்பினேன். கிளம்புவதற்குமுன் ஒரு குளிர்காலத்துத் திங்கட்கிழமை, இன்னொரு சகா குடும்பத்தோடு க்ருஷேவோ போய்விட்டு வந்து, லோக்கும் பெட்டியை மேசையில் வைத்தார். அவரும் அந்த வீட்டுக்குள் போய்வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார். தோழி திரையைப் பார்த்து ஏதோ தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். எனக்கு ஒரு யோசனை வந்தது. உச்சரிப்பைச் சரிசெய்துகொண்டு, அவளுக்கும் கேட்கும்படி, நிகழ்காலத்திலேயே அவரிடம் கேட்டேன்.

"காகோ எ?"

தட்டச்சுச் சத்தம் நின்றது.

அவர் மிட்டாயை மென்றுகொண்டே கொஞ்சம் யோசித்தார். "ஸ்துதேனோ" என்றார்.

குளிராக இருக்கிறதாம்.